ஓக்லண்டிடம் தோற்ற பிறகு கென்டக்கி: கோச் ஏன் போனார், அணி எங்கே போனது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை மார்ச் மாதம் மட்டும் எட்டிப் பார்க்கும் நண்பர்கள் கென்டக்கி பல்கலைக்கழக அணி பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

முதலில், அன்று என்னதான் நடந்தது?

2024 மார்ச் 21, வியாழக்கிழமை இரவு, பிட்ஸ்பர்க். நமக்கு வெள்ளி விடியற்காலை, அலாரம் வைத்து எழுந்து பார்த்த பாவிகளில் நானும் ஒருவன். கல்லூரி அணிகளின் தேசிய சாம்பியன் போட்டியான என்சிஏஏ தொடரின் முதல் சுற்று. தொடருக்கு முன்பே அணிகளுக்குத் தரும் வரிசைப்படி கென்டக்கி தன் பிரிவில் 3ஆம் இடத்து அணி, எதிரே 14ஆம் இடத்து ஓக்லண்ட் பல்கலைக்கழகம். பெயரைக் கேட்டு கலிஃபோர்னியா என்று நினைக்க வேண்டாம், இது மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கிறது. ஓக்லண்ட் 80, கென்டக்கி 76.

பெஞ்சிலிருந்து இறங்கிய ஜாக் கோல்கி என்ற பையன் பத்து த்ரீ போட்டான். இருபது முறை எறிந்தான், இருபதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியேயிருந்து, அதில் பத்து உள்ளே போனது. மொத்தம் 32 புள்ளி. அவனுக்கு வேறு ஷாட்டே கிடையாது என்பது சீசன் முழுக்க ஊருக்கே தெரிந்த விஷயம், எல்லா அணிகளும் வீடியோ பார்த்துத்தான் வருகின்றன, இருந்தும் இடைவேளைக்கு முன்பே ஏழு போட விட்டார்கள்.

ஒரே ஒரு ஆட்டம்தானே, அதற்கா இவ்வளவு ஆத்திரம்?

ஒரு ஆட்டம் இல்லை, அதுதான் விஷயம். 2019இல் ஆபர்னிடம் கூடுதல் நேரத்தில் தோற்று கடைசி எட்டோடு வெளியேறினார்கள். 2020இல் கொரோனாவால் தொடரே நடக்கவில்லை. 2021இல் 9 வெற்றி, 16 தோல்வி, கென்டக்கி ரசிகர்கள் அந்த வருடத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். 2022இல் 2ஆம் இடத்து அணியாகப் போய் 15ஆம் இடத்து செயின்ட் பீட்டர்ஸிடம் முதல் சுற்றிலேயே 85-79 என்று கூடுதல் நேரத்தில் தோல்வி. 2023இல் இரண்டாவது சுற்றில் கான்சாஸ் ஸ்டேட். அப்புறம் ஓக்லண்ட்.

எட்டு முறை சாம்பியனான அணி இது. அந்த மாநிலத்தில் என்பிஏ அணி கிடையாது, அதனால் நீல பனியனுக்கு இருக்கும் மவுசை நாம் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். அவர்களுடைய சொந்த மைதானமான ரப் அரீனாவில் இருபதாயிரம் பேர் கூடுவது சாதாரணம். ஐந்து ஆண்டுகளில் தொடரில் ஒரே ஒரு வெற்றி என்றால் சும்மா விடுவார்களா?

கோச் ஜான் கலிபாரி செய்த தவறு என்ன?

அன்றைய ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓக்லண்ட் போட்ட ஸோன் தடுப்பை (ஆளைத் துரத்தாமல் ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) உடைக்கக் கடைசிவரை வழி தெரியவில்லை. அந்த சீசனில் நாட்டிலேயே சிறந்த சதவீதத்தில் த்ரீ போட்ட அணி கென்டக்கிதான் என்பதை நினைத்தால் இது இன்னும் வலிக்கும். ஆன்டோனியோ ரீவ்ஸ் 27 புள்ளி எடுத்தார், அவர் சீனியர். ரீட் ஷெப்பர்ட் 3 புள்ளி, ராப் டில்லிங்ஹாம் 10. அந்த இருவரும் மூன்று மாதம் கழித்து என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் எட்டு இடத்துக்குள் போனவர்கள், அதே சமயம் கென்டக்கியில் பெரும்பாலான ஆட்டங்களை பெஞ்சிலிருந்து தொடங்கியவர்கள். ஏன் என்று கேட்காத ரசிகன் இல்லை. என் கணக்கில் அது அவ்வளவு பெரிய பாவம் இல்லை, கடைசியில் நிமிடங்கள் அவர்களுக்குத்தான் கிடைத்தன.

பெரிய பாவம் தடுப்பு ஆட்டம். ஆட்டத்துக்கு சராசரியாக 89 புள்ளி அடித்த அணி, கிட்டத்தட்ட 80 வாங்கவும் செய்தது. ஏழடியும் அதற்கு மேலும் உயரத்தில் மூன்று பேர் இருந்தார்கள் – பிராட்ஷா, ஒன்யென்சோ, குரோஷியாவிலிருந்து வந்த இவிசிச் – அவர்களில் யார் முதன்மை என்று மார்ச் வரை முடிவாகவில்லை. இவிசிச்சுக்கு என்சிஏஏ அனுமதியே ஜனவரியில்தான் வந்தது, அதைக் கோச் தலையில் கட்ட முடியாது. ஆனால் மறைப்பாக நிற்கும் சக ஆட்டக்காரனைச் சுற்றி ஓடும் ஒரு த்ரீக்காரனை விடாமல் துரத்துவது எப்படி என்று மார்ச் மாதத்தில் கற்றுக்கொள்கிற அணியை யார் தலையில் கட்டுவது?

அப்படியானால் பிரச்சினை பையன்களா, கோச்சா?

வயது. இதைத்தான் நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கலிபாரி 2009இல் வந்தபோது கொண்டுவந்த முறை எளிமையானது. நாட்டின் சிறந்த பள்ளிப் பையன்களை மொத்தமாக அள்ளு, ஒரு வருடம் ஆட வை, என்பிஏவுக்கு அனுப்பு, அடுத்த வருடம் புதிதாக அள்ளு. ஜான் வால், கசின்ஸ் என்று 2010இல் ஐந்து பேர் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். 2012இல் ஆன்டனி டேவிஸை வைத்து சாம்பியன் ஆனார்கள். 2014இல் இறுதி ஆட்டம். 2015இல் 38 வெற்றி தொடர்ச்சியாக, பிறகு அரையிறுதியில் விஸ்கான்சினிடம் சறுக்கல். அந்த விஸ்கான்சின் அணியில் மூத்த ஆட்டக்காரர்கள் அதிகம் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பத்தொன்பது வயதுத் திறமைசாலி இருபத்தோரு வயதுச் சராசரிக்காரனை அடிப்பான், அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கொரோனா சீசனில் ஆடிய எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2021இலிருந்து ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்று விதி வந்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படம் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது, என்ஐஎல் என்பது அதுதான். கல்லூரியிலேயே காசு வருகிறது என்றால் நடுத்தர ஆட்டக்காரன் எதற்கு அவசரப்பட்டு வெளிநாட்டு லீக்குக்கு ஓடுவான்? விளைவு, எதிரணிகளில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். கோல்கியும் அப்படித்தான், ஹில்ஸ்டேல் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரியில் வருடக்கணக்கில் ஆடிவிட்டு மேல்படிப்புக்கு ஓக்லண்ட் வந்தவன். மீசை முளைக்காத பையன்களை வைத்து அவனைத் துரத்தச் சொன்னால்?

கலிபாரிக்கு இது தெரியாமல் இல்லை, ரீவ்ஸையும் டிரே மிட்செலையும் வேறு கல்லூரிகளிலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான். ஆனாலும் மனசு பள்ளிப் பையன்கள் பக்கமே இருந்தது. வந்த வழியை விட யாருக்குத்தான் மனம் வரும்?

தோற்றவுடன் ஏன் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை?

பணம். 2019இல் பத்து வருடத்துக்கு சுமார் 8.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், வாழ்நாள் ஒப்பந்தம் என்றே அதைச் சொன்னார்கள். 2024 வசந்தத்தில் அவரை நீக்கினால் 3.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். புது கோச்சுக்கு வேறு சம்பளம். விளையாட்டுத் துறை இயக்குநர் மிட்ச் பார்ன்ஹார்ட் தோல்விக்குச் சில நாட்களிலேயே கலிபாரி தொடர்வார் என்று அறிவித்துவிட்டார், இருவரும் டிவியில் ஒன்றாக உட்கார்ந்து பேட்டியும் கொடுத்தார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்தது, விவாகரத்துக்கு முந்தைய நாள் எடுத்த குடும்பப் படம் மாதிரி.

பிறகு எப்படி ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார்?

அதிர்ஷ்டம், யாருக்கு என்று சொல்வதுதான் கஷ்டம். ஏப்ரல் தொடக்கத்தில் ஆர்கன்சா கோச் எரிக் மசல்மேன் திடீரென யுஎஸ்சிக்கு (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போய்விட்டார். ஆர்கன்சாவுக்குப் பெரிய ஆதரவாளர் கோழி இறைச்சி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறக்கும் டைசன் குடும்பத்து ஜான் டைசன், கலிபாரிக்கு நெடுநாள் நண்பர். ஏப்ரல் 7, ஞாயிறு இரவு செய்தி கசிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோவில், இந்த அணிக்கு இன்னொரு குரல் தேவைப்படுகிறது என்ற பொருளில் சொல்லிவிட்டு விடைபெற்றார். பதினைந்து சீசன், 410 வெற்றி, ஒரு கோப்பை. கென்டக்கிக்கு 3.3 கோடி மிச்சம். போகிறவரே போய்விட்டால் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லையே!

அதே லீக்கில் இருக்கும் அணிக்கு, சம்பளமும் குறைவாக எடுத்துக்கொண்டு ஒருவர் போகிறார் என்றால் உள்ளே எவ்வளவு புகைந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோச்சாக வந்த மார்க் போப்தான் முதல் தேர்வா?

இல்லை, அதை மறைக்க யாரும் முயன்றதுகூட இல்லை. யுகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணிக்குத் தொடர்ந்து இரண்டாவது கோப்பையை அப்போதுதான் வாங்கிக்கொடுத்திருந்த டேன் ஹர்லி பெயர் அடிபட்டது, அவர் அசையவில்லை. பெய்லரின் ஸ்காட் ட்ரூ ஏப்ரல் 11 அன்று நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். மறுநாள் போப்.

ரசிகர்கள் கொதித்தார்கள். காரணம் இருந்தது, தலைமை கோச்சாக என்சிஏஏ தொடரில் அவர் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. கென்டக்கி ஓக்லண்டிடம் தோற்ற அதே நாளில் அவர் அப்போது கோச்சாக இருந்த பிஒய்யு (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) அணி டுகேனிடம் தோற்றது. ஒரு முதல் சுற்றுத் தோல்விக்காரரை அனுப்பிவிட்டு இன்னொரு முதல் சுற்றுத் தோல்விக்காரரைக் கூட்டி வருவதா என்று கேட்டார்கள். நானும் கேட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 1996இல் ரிக் பிட்டினோவின் கீழ் கோப்பை வென்ற கென்டக்கி அணியின் கேப்டன்களில் போப் ஒருவர். கொஞ்ச காலம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம்கூடப் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 14, அறிமுகக் கூட்டத்துக்கு ரப் அரீனா நிரம்பி வழிந்தது. பழைய தோழர்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் அந்த 1996 கோப்பை. ஆட்டமே இல்லை, வெறும் பேச்சு, அதற்கு இருபதாயிரம் பேர்! வெள்ளிக்கிழமை திட்டியவர்களில் பாதிப் பேர் அங்கே அழுதுகொண்டிருந்தார்கள்.

பழைய அணியில் யார் மிஞ்சினார்கள்?

ஸ்காலர்ஷிப் (கல்லூரி செலவைப் பல்கலைக்கழகமே ஏற்பது) ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஷெப்பர்ட் மூன்றாவது ஆளாக ஹூஸ்டனுக்கு, டில்லிங்ஹாம் எட்டாவது ஆளாக எடுக்கப்பட்டு மினசோட்டாவுக்கு, ரீவ்ஸ் இரண்டாம் சுற்றில் நியூ ஆர்லியன்ஸுக்கு. வாக்னர், அடூ தியேரோ, இவிசிச் மூவரும் கலிபாரி பின்னாலேயே ஆர்கன்சாவுக்கு. பிராட்ஷா ஒஹையோ ஸ்டேட், ஒன்யென்சோ கான்சாஸ் ஸ்டேட். வரவிருந்த பள்ளிப் பையன்களில் பூகி ஃப்ளாண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் ஆகியோரும் ஆர்கன்சாவுக்கே மாறினார்கள்.

இதில் எனக்கு நெருடியது ஷெப்பர்ட் மட்டும்தான். அவன் அப்பா ஜெஃப் ஷெப்பர்ட், போப்போடு அதே 1996 அணியில் ஆடியவர், 1998 கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர். அம்மாவும் கென்டக்கிக்கு ஆடியவர். மூன்றாவது இடம் கிடைக்கிற பையனை யாரும் தடுக்கக் கூடாது, சரி. இருந்தாலும் அப்பாவின் தோழரிடம் ஒரு வருடம் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றத்தான் செய்கிறது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்கிறார்களே, அது என்ன?

கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். பெயர் ஏறிவிட்டால் மற்ற கோச்சுகள் பேசலாம். 2024 ஏப்ரலில் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள், அதன்பிறகு ஒவ்வொரு வசந்தமும் ஐபிஎல் மெகா ஏலம் மாதிரிதான், ஆனால் ரிடென்ஷன் கிடையாது.

போப் யாரைப் பிடித்தார்?

ஒன்பது பேர் போர்ட்டலிலிருந்து, மூன்று பேர் முதலாண்டு. கலிபாரியின் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

லமாண்ட் பட்லர், 2023 அரையிறுதியில் கடைசி நொடி ஷாட்டால் சான் டியேகோ ஸ்டேட்டை இறுதிக்கு அனுப்பியவர். டேட்டனிலிருந்து கோபி பிரேயா, நாட்டிலேயே சிறந்த த்ரீ சதவீதம் வைத்திருந்தவர். வேக் ஃபாரஸ்டிலிருந்து ஆண்ட்ரூ கார். டிரெக்செலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், இங்கிலாந்தின் நாட்டிங்கம்காரர், கூடைக்கு அருகில் நிற்கும் உயரமான சென்டராக இருந்துகொண்டே, ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு மாதிரி பந்தைக் கொண்டுபோய்ப் பாஸ் போடுவார், அவர் ஆட்டம் பார்க்கவே தனி சுகம். ஓக்லஹோமாவிலிருந்து ஒட்டேகா ஓவே. பிஒய்யுவிலிருந்து போப்பின் ஆளான ஜாக்ஸன் ராபின்சன், அவர் டிராஃப்டா கல்லூரியா என்று மே கடைசிவரை இழுத்தடித்தார். இவர்களோடு கேரிசன், அல்மனோர், எஸ்டோனியாவின் கெர் கிரிசா.

முதலாண்டு மூவரில் டிராவிஸ் பெர்ரியும் டிரென்ட் நோவாவும் கென்டக்கி மாநிலத்துப் பையன்கள். மூன்றாமவர் காலின் சாண்ட்லர், பிஒய்யுவுக்கு வருவதாக இருந்து போப் பின்னால் வந்தவர். உள்ளூர்ப் பையன்களுக்குக் கலிபாரி காலத்தில் இடமில்லை என்ற பழைய குறை ஒன்று உண்டு, போப் முதல் மாதத்திலேயே அந்த வாயை அடைத்தார்.

தேறினார்களா?

நினைத்ததை விட. 2024 நவம்பரில் கூப்பர் ஃப்ளாக் இருந்த டியூக்கை 77-72 என்று அடித்தபோதே தெரிந்துவிட்டது. சியாட்டிலில் கொன்சாகாவிடம் மோசமாகப் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 90-89 என்று ஜெயித்தார்கள், ஆனால் அதே ஆட்டத்தில் கிரிசாவுக்குக் காலில் அடிபட்டது. பட்லருக்குத் தோள், ராபின்சனுக்கு மணிக்கட்டு, அவர் அறுவை சிகிச்சைக்குப் போய் சீசனே முடிந்தது. டென்னசியை லீக்கில் இரண்டு முறை அடித்தவர்கள், கடைசி பதினாறில் மூன்றாவது முறையாகச் சந்தித்து 78-65 என்று வெளியேறினார்கள். மொத்தம் 24 வெற்றி, 12 தோல்வி.

தடுப்பு ஆட்டம் இன்னும் சுமார்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கிரிசா, ராபின்சன் என்ற இரண்டு கார்டு ஆட்டக்காரர்கள் இல்லாமல் அவ்வளவு தூரம் போன அணியைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

கலிபாரி திரும்பி வந்தாரா?

2025 பிப்ரவரி 1. ரப் அரீனாவில் கூச்சல், கேலி, எல்லாம். ஆர்கன்சா 89-79 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அந்த சீசனை லீக்கில் ஐந்து தொடர் தோல்வியோடு தொடங்கியவர், மார்ச்சில் கான்சாஸையும், பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்தி அவரும் கடைசி பதினாறுக்கு வந்துவிட்டார். ஆக இருவரும் ஒரே சுற்றோடு முடிந்தார்கள்.

அப்படியானால் யாருக்கு லாபம்?

கென்டக்கிக்கு என்று நான் சொல்வேன். 3.3 கோடி கொடுக்காமல், சண்டை போடாமல், வயதில் மூத்த அணியைக் கட்டத் தெரிந்த ஒருவர் கிடைத்தார். கலிபாரி அங்கேயே இருந்திருந்தால் ஃப்ளாண்டும் நாக்ஸும் வந்திருப்பார்கள், ஏட்டில் பிரமாதமான அணியாக இருந்திருக்கும், மார்ச்சில் யாராவது ஒரு இருபத்து நான்கு வயதுக்காரன் மறுபடி பத்து த்ரீ போட்டிருப்பான். கலிபாரிக்கும் கெடுதல் இல்லை, திட்டு வாங்காமல் நிம்மதியாக வேலை பார்க்க ஓர் இடம் கிடைத்தது.

டென்னசியிடம் தோற்ற பிறகு, 2025-26க்கு அணி எப்படி அமைந்தது?

மூத்தவர்களை வைத்து ஆடினால் வரும் தலைவலி இதுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் முடித்துவிடுவார்கள். பட்லர், கார், வில்லியம்ஸ், பிரேயா, ராபின்சன், அல்மனோர் ஆறு பேருக்கும் கல்லூரியில் ஆடும் காலம் முடிந்தது. பிரேயா 41ஆவதாகவும் வில்லியம்ஸ் 46ஆவதாகவும் டிராஃப்டில் போனார்கள். பெர்ரி மிசிசிப்பிக்கு மாறினான், உள்ளூர்ப் பையன் பாசமெல்லாம் ஒரு வருடம்தான்.

ஓவே டிராஃப்ட் தண்ணீரில் காலை நனைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது பெரிய விஷயம். கேரிசன், சாண்ட்லர், நோவா தங்கினார்கள். போர்ட்டலிலிருந்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜேலண்ட் லோ, சாம்பியன் ஃப்ளோரிடாவிலிருந்து டென்செல் அபர்டீன், அலபாமாவின் டியூபாட்டே, டுலேனின் கேம் வில்லியம்ஸ், அரிசோனா ஸ்டேட்டிலிருந்து ஜேடன் குவெயின்டன்ஸ். இந்தக் குவெயின்டன்ஸ் முதலில் கலிபாரி காலத்தில் கென்டக்கிக்கு வருவதாகச் சொல்லி, அவர் போனதும் பின்வாங்கியவன், ஒரு வருடம் சுற்றிவிட்டு அதே வாசலுக்கு வந்தான்.

இந்த முறை நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது: நீளமான கைகள், உடல் வலு, தடுப்பு. ஷூட்டிங் குறையும் என்பது அப்போதே என் பயம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருட வரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர் என்று நீதிமன்றத் தீர்வு வந்தது. கூடைப்பந்தே சோறு என்று இருக்கும் கென்டக்கி மாதிரி இடத்துக்கு இது வசதிதான்.

கடைசியாக, ஓக்லண்ட் என்ன ஆனது?

இரண்டு நாள் கழித்து நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 79-73 என்று தோற்றார்கள், அந்த அணி பிறகு கடைசி நான்குவரை போனது. நாற்பது வருடமாக அதே கல்லூரியில் கோச்சாக இருந்த கிரெக் கேம்பி அங்கேயே தொடர்ந்தார். கோல்கிக்குக் கல்லூரிக் காலம் முடிந்தது. கென்டக்கிக்கு எதிராக 17 புள்ளி எடுத்த டிரே டவுன்சென்ட் போர்ட்டலில் பெயர் கொடுத்து அரிசோனாவுக்குப் போய்விட்டான்.